எல்லா தவணையும் கட்டினோம், கேட்டப்ப கைய விரிச்சுட்டாங்க: கிளெய்ம் ரிஜெக்ட் ஆனா என்ன பண்றது?

கேட்டவர் சொன்னது சுருக்கமா இதான். அப்பா பேர்ல நாலு வருஷமா மெடிக்கல் இன்சூரன்ஸ், ஒரு தவணை கூட தப்பல, நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில சேத்து ஸ்டென்ட் வெச்சாங்க, பில்லு எல்லாம் அனுப்பினா "ஏற்கனவே இருந்த உயர் ரத்த அழுத்தத்தை மறைத்துள்ளீர்கள், எனவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது"ன்னு ஒரே ஒரு பக்கத்துல லெட்டர் வந்திருக்கு. இவங்க எல்லாருமே திருடங்கதானா, இனி கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா, இல்ல தலையில துண்டப் போட்டுக்கிட்டு போக வேண்டியதுதானான்னு கேக்கறீங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோட கிளெய்ம்ஸ் டிபார்ட்மென்ட்ல 11 வருஷம் உக்காந்தவன், உங்களுக்கு வந்த மாதிரி லெட்டர நானே நூத்துக்கணக்குல அடிச்சு அனுப்பியிருக்கேன். இப்ப அந்த வேலைய விட்டாச்சு, லெட்டர் வாங்கினவங்களுக்கு பதில் எழுதிக் குடுக்கறேன். அதனால ரெண்டு பக்கத்து கோவமும் எனக்குத் தெரியும். நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னு சொல்லல, அதனால பொதுவா எல்லா இடத்துக்கும் ஒத்து வர்றத சொல்றேன், நடுவுல இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா சட்டம் வரும், உங்களுக்கு எது பொருந்துதோ எடுத்துக்கோங்க.

நான் சொல்லப் போறது மொத்தமும் ஒரே விஷயந்தான். அந்த லெட்டர தீர்ப்பு மாதிரி படிக்காதீங்க. பணம் குடுக்க வேண்டிய ஆளு "நான் ஏன் குடுக்கணும்"னு எழுதின முதல் பதில் அது, அவ்ளோதான். ஜட்ஜ் கையெழுத்து இல்ல, உங்க தரப்ப யாரும் கேக்கவும் இல்ல. ஆனா லெட்டர்ஹெட்டு, ரெஃபரன்ஸ் நம்பர், பாலிசி ஷரத்து (கிளாஸ்) நம்பர், கீழ ஒரு சீலு, இதெல்லாம் பாத்த உடனே ஜனங்க முடிஞ்சு போச்சுன்னு ஃபைல மூடிடறாங்க. அமெரிக்காவுல அரசாங்க வெப்சைட்டு வழியா விக்கிற ஹெல்த் பாலிசிங்கள கேஎஃப்எஃப்ங்கிற அமைப்பு வருஷா வருஷம் கணக்கெடுக்குது, 2023ல கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கற நெட்வொர்க் ஆஸ்பத்திரி கிளெய்ம்லயே 19 சதவீதம் மறுத்திருக்காங்க, அப்படி மறுத்ததுல அப்பீல் போனது 100க்கு ஒண்ணு கூட இல்ல. அப்பீல் போன அந்த கொஞ்ச பேர்ல பாதிக்குக் கொஞ்சம் குறைச்சலா கம்பெனியே தன் முடிவ மாத்திக்கிச்சு. இந்தக் கணக்க திரும்ப ஒரு தடவ படிங்க. கேட்டவனுக்கு பாதி வாய்ப்பு இருக்கு, ஆனா கேக்க ஆள் இல்ல. உள்ள உக்காந்திருந்தப்ப இந்த நம்பரு எனக்குத் தெரியாது, ஆனா மேஜைக்கு திரும்பி வர்ற ஃபைலு ரொம்பக் கம்மிங்கறது எங்க எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சுதான் எழுதினோம்.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். ஜனங்க நினைக்கற மாதிரி யாரோ ஒரு வில்லன் ரூம்ல உக்காந்து "இவனுக்குக் குடுக்காதே"ன்னு சொல்றதில்ல, அப்படி சொன்னாக்கூட பரவாயில்ல, ஆளு யாருன்னாவது தெரியும். நடக்கறது என்னன்னா பாலிசி விக்கும்போது யாரும் எதையும் செக் பண்றதில்ல. ஒரு ஃபார்ம், அதுல நோய் இருக்கா இல்லையான்னு ஒரு 15, 20 கேள்வி, ஏஜென்ட்டு "எல்லாத்துக்கும் நோ போட்டுக்கறேன் சார், இங்க ஒரு கையெழுத்து போடுங்க"ன்னு முடிச்சுடுவார், ஆன்லைன்னா எல்லா கட்டத்துலயும் ஏற்கனவே "இல்லை"ன்னு டிக் விழுந்திருக்கும், நீங்க அடுத்ததுன்னு அமுக்கிட்டே போவீங்க. பணம் கட்டினா பாலிசி வந்துடும். டாக்டர் பாக்கறது, பழைய சீட்டெல்லாம் தேடறது, இதெல்லாம் செலவு, அதனால அந்த வேலைய தள்ளி வெச்சுடறாங்க. எப்ப வரைக்கும்? நீங்க கிளெய்ம் போடற வரைக்கும். கிளெய்ம் வந்தப்புறம்தான் உங்க உடம்பப் பத்தி கம்பெனிக்கு முதல் தடவையா அக்கறை வருது, ஒரு இன்வெஸ்டிகேட்டர் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமுக்குப் போய் கேஸ் ஷீட்ட பக்கம் பக்கமா போட்டோ எடுத்துட்டு வருவார், அதுல ஒரு வரி கிடைச்சா போதும். பாலிசி குடுக்கறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய பரிசோதனைய கிளெய்ம் வந்தப்புறம் பண்ற இந்தப் பழக்கத்துக்கு அந்தத் தொழில்லயே பேர் இருக்கு, போஸ்ட் கிளெய்ம் அண்டர்ரைட்டிங்னு. என்னைக் கேட்டா பாதி கண்ணீருக்கு காரணம் இது ஒண்ணுதான்.

அந்த "ஒரு வரி" எப்படி இருக்கும்னு ஒண்ணு காட்டறேன், நான் கையெழுத்துப் போட்ட கேஸ்தான், அதனால கூசாம சொல்றேன். ஒரு அம்மா, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், ராத்திரில எமர்ஜென்சில சேந்தாங்க. டியூட்டி டாக்டர் அட்மிஷன் ஷீட்ல, பேஷன்ட்டோட பழைய வரலாறு எழுதற இடத்துல, பிபின்னு எழுதி ஒரு பெருக்கல் குறி போட்டு 10ன்னு எழுதி பக்கத்துல ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து கிறுக்கியிருந்தார். அந்த எழுத்து டின்னா நாள், ஒய்னா வருஷம். டிக்கு கோடு மேல போகணும், ஒய்க்கு வால் கீழ போகணும், இவர் எழுதினதுல மேலயும் கொஞ்சம் கோடு இருக்கு கீழயும் கொஞ்சம் வால் இருக்கு. நான் ஒய்னு படிச்சேன். 10 வருஷமா பிபி, ஃபார்ம்ல இல்லைன்னு போட்டிருக்கு, பாலிசி எடுத்து மூணு வருஷம்தான் ஆகுது, ரிஜெக்ட், அடுத்த ஃபைல். மொத்தமா எனக்கு 20 நிமிஷம் ஆயிருக்கும். அந்தம்மாவோட பையன் விடல. அட்மிஷனுக்கு 10 நாள் முன்னாடி பக்கத்து கிளினிக்ல முதல் தடவையா பிபி மாத்திரை எழுதின சீட்டு, மருந்துக்கடை பில்லு, அதுக்கு முந்தின வருஷம் வேற எதுக்கோ எடுத்த செக்கப் ரிப்போர்ட்ல பிபி நார்மல்னு இருந்த பக்கம், கடைசியா அந்த டியூட்டி டாக்டரையே தேடிப் பிடிச்சு "நான் எழுதியது பத்து நாட்கள்"னு ஆஸ்பத்திரி லெட்டர்பேட்ல ஒரு விளக்கம், நாலையும் வரிசையா நம்பர் போட்டு அனுப்பினார். ஏழு மாசம் ஆச்சு, ஆனா முழு பணமும் அவங்களுக்குப் போய்ச் சேந்துச்சு. ஒரு எழுத்தோட வாலு. இன்னிக்கும் டாக்டர் கையெழுத்தப் பாத்தா முதல்ல அந்த வாலத்தான் தேடறேன்.

உங்க அப்பா கேஸும் இதே குடும்பம்தான்னு எனக்கு தோணுது. அதனால முதல் வேலை, "எந்த பேப்பர்ல எந்த வரிய வெச்சு மறைச்சீங்கன்னு சொல்றீங்க"ன்னு எழுத்துல கேளுங்க. லெட்டர்ல "ஆவணங்களின்படி"ன்னு பொத்தாம்பொதுவா போட்டிருப்பாங்க, எந்த ஆவணம்னு இருக்காது. அந்த பக்கத்தோட காப்பி, இன்வெஸ்டிகேஷன் ரிப்போர்ட் காப்பி, நீங்க கையெழுத்துப் போட்ட ப்ரோபோசல் ஃபார்ம் காப்பி, பாலிசி எடுக்கும்போது போன்ல பேசி கன்ஃபர்ம் பண்ணியிருந்தா அந்த ரெக்கார்டிங், பாலிசியோட முழு வார்த்தைகள் இருக்கற புக்லெட், இத்தனையும் கேளுங்க. இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரில போய் முழு கேஸ் ஷீட் காப்பி வாங்குங்க, டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது, நர்ஸ் எழுதின சார்ட் வரைக்கும் வேணும். நிறைய பேர் டிஸ்சார்ஜ் சம்மரியவே படிக்காம வீட்டுக்கு வந்துடறாங்க, அங்க நின்னு படிச்சு தப்பு இருந்தா அப்பவே திருத்தச் சொன்னா அஞ்சு நிமிஷ வேலை, ரிஜெக்ட் ஆனப்புறம் திருத்தினா "பணத்துக்காக மாத்தியிருக்காங்க"ன்னு ஆயிடும்.

இப்ப "மறைச்சீங்க"ங்கற வார்த்தைக்கு வருவோம், ஏன்னா உங்க சண்டை மொத்தமும் இந்த ஒரு வார்த்தைல நிக்குது. இன்சூரன்ஸ்ல "உச்சபட்ச நல்லெண்ணம்"னு ஒரு கோட்பாடு சொல்வாங்க, பாலிசி எடுக்கறவன் தனக்குத் தெரிஞ்ச முக்கியமான விஷயத்த எல்லாம் ஒளிக்காம சொல்லணும்ங்கறது. கம்பெனிக்காரங்க இத வேதம் மாதிரி எடுத்து விடுவாங்க. இதுக்கு மூலக் கேஸு 1766ல லண்டன்ல நடந்தது, கார்ட்டர் எதிர் போஹம்னு பேர், தீர்ப்பு சொன்ன நீதிபதி லார்ட் மேன்ஸ்ஃபீல்ட். சுமத்ரா தீவுல இருந்த மார்ல்பரோ கோட்டைக்கு கவர்னரா இருந்த கார்ட்டர், கோட்டைய அந்நிய எதிரி பிடிச்சா இழப்பீடு வேணும்னு இன்சூரன்ஸ் எடுத்தார், 1760ல பிரெஞ்சுக்காரங்க வந்து பிடிச்சுட்டாங்க. பணம் கேட்டா, இன்சூரன்ஸ் குடுத்த போஹம் "கோட்டை பலவீனமா இருந்தத நீ சொல்லவே இல்ல"ன்னார். இதுல வேடிக்கை என்னன்னா அந்தக் கேஸ்ல ஜெயிச்சது கார்ட்டர்தான். மேன்ஸ்ஃபீல்ட் சொன்னதோட சாரம் என்னன்னா, நல்லெண்ணம் ரெண்டு பக்கத்துக்கும் உண்டு, கோட்டை எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க வழி இருந்தும் விசாரிக்காம பிரீமியத்த வாங்கிப் போட்டுக்கிட்டு, நஷ்டம் வந்தப்புறம் சொல்லலயேன்னு கேக்கக் கூடாது. 250 வருஷத்துக்கு மேல ஆச்சு, எந்த கேஸ காட்டி நம்ம கிளெய்ம மறுக்கறாங்களோ அந்தக் கேஸ்லயே தோத்தது இன்சூரன்ஸ் குடுத்தவன்தான். நான் வேலைல இருந்தப்ப ட்ரெய்னிங்ல இந்த கேஸ் பேர மட்டும் சொல்லிக் குடுத்தாங்க, யார் ஜெயிச்சான்னு சொல்லல!

சட்டமும் மெல்ல அந்தப் பக்கமே நகர்ந்திருக்கு. பிரிட்டன்ல 2012ல ஒரு சட்டம் வந்தது, சாதாரண நுகர்வோர் தானா முன்வந்து எல்லாத்தையும் சொல்லணும்ங்கற கடமைய எடுத்துட்டாங்க, கேட்ட கேள்விக்கு கவனமா உண்மையா பதில் சொன்னா போதும். அதுலயும் வேணும்னே பொய் சொன்னதையும் அஜாக்கிரதையா தப்பா சொன்னதையும் தனித்தனியா பிரிச்சாங்க. அஜாக்கிரதைன்னா, உண்மை தெரிஞ்சிருந்தா கம்பெனி எவ்வளவு பிரீமியம் கூட்டியிருக்குமோ அந்த விகிதத்துக்கு கிளெய்ம குறைக்கலாம். 100 கட்டினவர்கிட்ட 150 வாங்கியிருப்போம்னா மூணுல ரெண்டு பங்காவது குடுத்தாகணும், பூஜ்ஜியம்னு கைய விரிக்க முடியாது. இதவிட நியாயமான ஏற்பாடு நான் பாக்கல, எல்லா நாட்டுலயும் இது வந்தா பாதி சண்டை இருக்காது. அமெரிக்காவுல 2010 ஹெல்த் சட்டத்துக்கு அப்புறம் வேணும்னே மோசடியோ பொய்யோ சொல்லியிருந்தா ஒழிய ஹெல்த் பாலிசிய ஆரம்பத்துலருந்தே செல்லாதுன்னு ரத்து பண்ணக் கூடாது. இந்தியாவுல இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவு, 2015 திருத்தத்துக்கு அப்புறம், ஆயுள் காப்பீட்டு பாலிசி மூணு வருஷத்த தாண்டிடுச்சுன்னா எந்தக் காரணம் சொல்லியும் அத கேள்வி கேக்க முடியாது. ஹெல்த் பாலிசிக்கு தனியா, தொடர்ந்து 60 மாசம் கட்டியாச்சுன்னா மோசடிய நிரூபிச்சா தவிர மறைச்சேன்னு சொல்லி மறுக்கக் கூடாதுன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024ல கொண்டு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அது 96 மாசமா இருந்தது. உங்க பாலிசி நாலு வருஷம்னு சொல்றீங்க, இந்தியான்னா அந்த வரம்பு இன்னும் தாண்டல, அதனால இந்தக் கதவு உங்களுக்கு இல்ல. ஆனா பழைய கம்பெனிலருந்து போர்ட் பண்ணி வந்ததா இருந்தா அந்த வருஷமும் சேரும், அத ஒரு தடவ பாத்துடுங்க.

அப்ப உங்களுக்கு மிச்சம் இருக்கறது மூணு கேள்வி. பாலிசி எடுத்த அன்னிக்கு அப்பாவுக்கு பிபி இருந்ததா? இருந்தா அது அவருக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா ஃபார்ம்ல அத நேரடியா கேட்டாங்களா? தெரியாத நோய யாரும் மறைக்க முடியாது, பிபிங்கறது பாதிப் பேருக்கு வெளிய தெரியாம இருக்கற வியாதி, ஸ்டென்ட் வைக்கப் போன இடத்துலதான் முதல் தடவ கண்டுபிடிச்சாங்கன்னா அத டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. நாலு வருஷத்துக்கு முந்தின ஏதாவது ஒரு செக்கப், பல்லு புடுங்கப் போனப்ப பாத்த பிபி, ஆபீஸ் மெடிக்கல், எதுவா இருந்தாலும் தேதியோட நார்மல்னு இருந்தா அது தங்கம்.

நோய்க்கும் கிளெய்முக்கும் சம்பந்தம் இல்லன்னு வாதாடலாமான்னு கேப்பீங்க. சில கேஸ்ல நல்லா எடுபடும். இந்தியாவுல 2015ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு கேஸ்ல முதுகுத்தண்டுப் பிரச்சனைய சொல்லாம விட்டவர் மாரடைப்புல இறந்தார், ரெண்டுக்கும் தொடர்பில்லன்னு பணம் குடுக்கச் சொன்னாங்க. ஆனா அதே நீதிமன்றம் 2009லயும் 2019லயும் முக்கியமான விஷயத்த மறைச்சா மறைச்சதுதான்னு கம்பெனி பக்கமும் சொல்லியிருக்கு, அதனால இத மட்டும் நம்பி இறங்காதீங்க. அதுலயும் உங்களுக்கு பிபி, ஹார்ட்டுன்னு ரெண்டும் பக்கத்து வீடு, சம்பந்தம் இல்லன்னு சொன்னா எடுத்த எடுப்புலயே அவங்க டாக்டர் சிரிப்பார். தெரியாது, கேக்கல, இந்த ரெண்டுல நில்லுங்க. மெடிக்கல் டெஸ்ட் எடுத்துட்டு பாலிசி குடுத்திருந்தாங்கன்னா உங்க கை இன்னும் ஓங்கும், எல்லாத்தையும் சொல்லி, டாக்டர் பாத்து, அப்புறம் பாலிசி குடுத்துட்டு அந்த நோயவே காட்டி மறுக்க முடியாதுன்னு 2021ல அதே உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு, அது வெளிநாட்டுப் பயணத்துக்கு பாலிசி எடுத்துட்டுப் போய் சான்ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்ல உடம்புக்கு முடியாம போனவரோட கேஸ்.

ஏஜென்ட்டு எழுதினார், எனக்குத் தெரியாதுன்னு சொல்றதுல மட்டும் ரொம்ப சாயாதீங்க. கேக்க நியாயமா இருக்கும், ஆனா கீழ உங்க கையெழுத்து இருக்கு, "படித்துப் புரிந்துகொண்டேன்"னு ஒரு வரியும் இருக்கு. துணைக்கு வெச்சுக்கலாம், தூணா வெச்சுக்க முடியாது.

மறைக்கற பிரச்சனை இல்லாம வேற காரணத்துக்கு ரிஜெக்ட் ஆனவங்களும் இத படிப்பீங்க, உங்களுக்காக ரெண்டு விஷயம். ஒண்ணு, நிரூபிக்க வேண்டியது யார்னு பாருங்க. நஷ்டம் நடந்துச்சு, அது பாலிசி சொல்ற வகைல வருதுன்னு காட்டறது நம்ம வேலை. ஆனா "இது விலக்குல வருது", அதாவது இதுக்குப் பணம் கிடையாதுன்னு பாலிசில போட்ட பட்டியல்ல வருதுன்னு சொன்னா அத நிரூபிக்க வேண்டியது கம்பெனி, பெரும்பாலான நாட்டு சட்டம் இதுல ஒண்ணுதான். ரெண்டாவது, வார்த்தை ரெண்டு அர்த்தம் குடுத்தா எழுதினவனுக்கு எதிரா, அதாவது நமக்கு சாதகமா படிக்கணும். பாலிசிய எழுதினது அவங்க, நாம ஒரு கமா கூட மாத்த முடியாது, அதனால குழப்பத்தோட விலைய அவங்கதான் குடுக்கணும்.

இது ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்காதீங்க. 2017ல நாட்பெட்யானு ஒரு கம்ப்யூட்டர் வைரஸ் உக்ரைன்ல ஆரம்பிச்சு உலகம் பூரா பரவுச்சு, மெர்க்ங்கற மருந்துக் கம்பெனியோட ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. அவங்க கேட்டது 140 கோடி டாலர். இன்சூரன்ஸ் கம்பெனிங்க என்ன சொன்னாங்க தெரியுமா, இது ரஷ்யா பண்ண வேலை, ஆகவே இது போர், போருக்கு பாலிசில விலக்கு இருக்குன்னாங்க. மாத்திரை செய்யற கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஆன் ஆகல, அது போராம்! நியூஜெர்சி கோர்ட்டு ஒத்துக்கல, மேல்கோர்ட்டும் 2023ல ஒத்துக்கல, போர்னா சாதாரண ஆளு போர்னு எத நினைப்பானோ அதுதான், புதுசா ஒரு அர்த்தம் வேணும்னா முன்னாடியே பாலிசில எழுதியிருக்கணும்னு சொல்லிட்டாங்க. பிஸ்கட்டு, சாக்லேட்டு செய்யற மாண்டலீஸுக்கும் அதே வைரஸ், அதே பதில், 2022ல சமாதானமா முடிச்சுக்கிட்டாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே இந்தக் கதின்னா நமக்கு எம்மாத்திரம்னு சிலர் சொல்வாங்க. நான் அத வேற மாதிரி பாக்கறேன், அவ்ளோ பெரிய வக்கீல் படை எழுதின விலக்கே நிக்கல, உங்க ஒரு பக்க லெட்டர் எம்மாத்திரம்.

லேட்டா சொன்னீங்கன்னு மறுக்கறது இன்னொரு ரகம். வண்டி திருட்டு கேஸ்ல இது நிறைய. இந்தியாவுல 2020ல மூணு நீதிபதி பெஞ்சு சொல்லியாச்சு, போலீஸ்ல உடனே புகார் குடுத்திருந்தா, திருட்டு உண்மைன்னு ஆயிட்டா, கம்பெனிக்கு சொல்ல லேட் ஆச்சுங்கற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. இன்னொண்ணு, 2019ல வந்தது, லெட்டர்ல எந்தக் காரணம் எழுதினாங்களோ அதோடதான் நிக்கணும், அப்புறம் கோர்ட்டுல வந்து புதுசா ஒரு காரணத்த எடுத்து விட முடியாது. அதனாலதான் போன்ல சொல்ற காரணத்த நம்பாதீங்க, எழுத்துல வாங்குங்கன்னு கெஞ்சறேன். கஸ்டமர் கேர்ல ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க, உங்களுக்கும் நடந்திருக்கும்.

கம்பெனி பக்கமும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், இல்லன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். மோசடி நிஜமாவே இருக்கு. ஆஸ்பத்திரில சேராமலே பில்லு, செத்தவர் பேர்ல பாலிசி, ஒரே எக்ஸ்ரேய மூணு பேருக்கு வெச்சது, எல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கு. அந்தப் பணமும் நம்ம எல்லார் பிரீமியத்துலருந்துதான் போகுது. பாலிசி லேப்ஸ் ஆனது, காத்திருப்புக் காலம் முடியாதது, அழகு சிகிச்சைய நோய்னு காட்டினது, இதெல்லாம் சண்டை போட்டாலும் வராது, வீணா ஒரு வருஷம் அலையாதீங்க. கோளாறு என்னன்னா, திருடனப் பிடிக்க போட்ட வலையில மீன் கிடைக்கலன்னா கைல அகப்பட்டதையே மீன்னு எழுதிடற பழக்கம். ஃபைல சீக்கிரம் முடிச்சா பேரு கிடைக்கும், தப்பா குடுத்துட்டா கேள்வி வரும், தப்பா மறுத்தா யாரும் கேக்க மாட்டாங்க. இப்படி ஒரு மேஜைல ராமனையே உக்கார வெச்சாலும் மறுக்கத்தான் செய்வான். நானும் செஞ்சேன்.

இனி எழுதறது எப்படி. கோவத்துல எழுதாதீங்க, அத வீட்டுல கொட்டிட்டு வாங்க. "உங்க கம்பெனி ஃப்ராடு, நான் டிவிக்கு போவேன், ட்விட்டர்ல கிழிச்சுடுவேன்"னு வர்ற மெயிலுக்கு எங்ககிட்ட ரெடியா ஒரு டெம்ப்ளேட் இருக்கும், அத ஒட்டி அனுப்பிடுவோம், படிக்கக் கூட மாட்டோம். எங்களுக்கு வயித்தக் கலக்கறது எது தெரியுமா, தேதி தேதியா எழுதி, "உங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட இந்த ஷரத்து இப்படிச் சொல்கிறது, இணைப்பு 3 அதற்கு மாறாக உள்ளது, உங்கள் முடிவுக்கு ஆதாரமான பக்கத்தை அனுப்பவும்"னு அமைதியா ரெண்டு பக்கம் வர்ற லெட்டர். அத டெம்ப்ளேட்ல முடிக்க முடியாது, சீனியர்கிட்ட போயாகணும், சீனியர் ஃபைல திறந்து பாத்தாகணும். திறந்து பாத்தாலே பாதி கிணறு தாண்டியாச்சு. வைத்தியம் பாத்த டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் கண்டிப்பா வேணும், "இவருக்கு சிகிச்சை அவசியம்"னு பொதுவா வேண்டாம், கம்பெனி சொன்ன அதே காரணத்துக்கு நேர் பதிலா இருக்கணும். டாக்டருக்கு நேரம் இருக்காது, நீங்களே நாலு வரி எழுதிட்டுப் போய் "இது சரின்னா மட்டும் கையெழுத்துப் போடுங்க சார், தப்புன்னா திருத்துங்க"ன்னு குடுங்க, அவரே சந்தோஷப்படுவார்.

நடுவுல கொஞ்சம் பணம் தர்றோம்னு ஒரு பேப்பர நீட்டுவாங்க, "முழு மற்றும் இறுதி தீர்வாக"ன்னு பொடி எழுத்துல இருக்கும். கஷ்டத்துல இருக்கறவன் கையெழுத்து போட்டுடுவான், அதுக்குத்தான் அந்த நேரம் பாத்து வர்றது. பணம் வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல, ஆனா "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை"ன்னு கையால எழுதி அதுக்குக் கீழ கையெழுத்து போடுங்க, ஒரு போட்டோவும் எடுத்து வெச்சுக்கோங்க. அவங்க அத ஒத்துக்க மாட்டேன்னா அதையும் அன்னிக்கே மெயில்ல எழுதி வைங்க.

கம்பெனி உள்ளயே அசையலன்னா கோர்ட்டுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு, இது பல பேருக்குத் தெரியறதே இல்ல. இந்தியாவுல இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது புகார விசாரிச்சு முடிவு சொல்ற தனி அதிகாரி, 50 லட்சம் ரூபாய் வரைக்கும் அவர்கிட்ட போகலாம், காசு கட்ட வேண்டாம், வக்கீல் வெச்சுக்க முடியாது, அது உங்களுக்கு நல்லதுதான், அந்தப் பக்கமும் வக்கீல் வர முடியாது. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதணும், ஒரு மாசத்துல பதில் இல்லன்னாலோ பதில் பிடிக்கலன்னாலோ இங்க வரலாம், கம்பெனி மறுத்த நாள்லருந்து ஒரு வருஷத்துக்குள்ள வரணும். அவர் குடுக்கற உத்தரவு கம்பெனிய கட்டும், 30 நாள்ல குடுத்தாகணும், உங்களுக்குப் பிடிக்கலன்னா நீங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போகலாம். ஆனா ஏற்கனவே கோர்ட்டுல போட்டுட்டீங்கன்னா இங்க வர முடியாது, அதனால வரிசைய மாத்திடாதீங்க. பிரிட்டன்னா கம்பெனிக்கு 8 வாரம் டைம், அப்புறம் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன், அவங்க இறுதி பதில் வந்து 6 மாசத்துக்குள்ள போகணும். அமெரிக்காவுல ஹெல்த் பாலிசின்னா 180 நாள்ல உள் அப்பீல், அதுலயும் மறுத்தா 4 மாசத்துக்குள்ள கம்பெனிக்கு சம்பந்தமில்லாத வெளி ஆளுகிட்ட ரிவ்யூ கேக்கலாம், அவங்க சொன்னது கம்பெனிய கட்டும். எந்த நாடா இருந்தாலும் ஒரு கெடு ஓடிக்கிட்டிருக்கும், கஸ்டமர் கேர்ல "பாக்கறோம் சார், மேல அனுப்பியிருக்கோம் சார்"னு சொல்லி சொல்லி அந்தக் கெடுவத்தான் கரைப்பாங்க, வேணும்னு பண்றாங்களோ இல்லையோ கரையறது உங்களுது.

இந்தியான்னா இன்னொண்ணு கேட்டு வைங்க. 2024 விதிப்படி ஹெல்த் கிளெய்ம ஒரு ஆளு தன்னிஷ்டத்துக்கு மறுக்க முடியாது, கம்பெனிக்குள்ள ரிவ்யூ கமிட்டி பாத்து ஒப்புதல் குடுத்திருக்கணும். அந்தக் கமிட்டி எந்தத் தேதில பாத்துச்சுன்னு ஒரு வரி கேளுங்க. நான் எழுதிக் குடுத்த ரெண்டு கேஸ்ல இந்தக் கேள்விக்கு பதிலே வரல, மூணாவது வாரம் "தங்கள் கோரிக்கை மறுபரிசீலனையில் உள்ளது"ன்னு மெயில் வந்தது.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, அந்த லெட்டர எடுத்து மேல வலது மூலைல இருக்கற தேதியப் பாருங்க, கவர்ல இருக்கற போஸ்ட் ஆபீஸ் முத்திரையோட தேதியயும் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல சில சமயம் மூணு வாரம் இருக்கும், அதனால கவர தூக்கிப் போட்டுடாதீங்க. அப்புறம் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமுக்குப் போய் கேஸ் ஷீட் காப்பி வாங்கி, முதல் பக்கத்துல பிபின்னு எழுதின இடத்துக்குப் பக்கத்துல என்ன எழுத்து இருக்குன்னு பாத்து சொல்லுங்க, டாக்டர் கையெழுத்து புரியலன்னா பரவால்ல, எனக்குப் பழக்கம்.